கிள்ளான் ரயிலில் ஒரு பாட்டுப் பயணம்



தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும், தீபாவளிக்குத் துணிமணி எடுக்கப் பட்டணத்துக்கும் வந்து போகிறவர்கள் நீங்கள். கோலாலம்பூரைப் பற்றி உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன் என்று நினைக்கலாம். இந்தத் தடவை கடைகளைப் பார்க்க வேண்டாம். காதுகளை மட்டும் தீட்டிக்கொண்டு என்னோடு வாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் புறப்பட்டு, ரயிலேறி, கிள்ளானில் இறங்குவோம். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் நம்மவர்களின் பாட்டு எங்கே பிறந்தது, எங்கே போயிற்று என்ற கதை முழுவதும் அந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் கிடக்கிறது.

எனக்கு அங்கே ஒரு சொந்த வேலையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பிரிக்ஃபீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரை முதலில் நெருப்பும், பிறகு வெள்ளமும் அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி உதவாது, செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுங்கள் என்று வெள்ளைக்கார அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம் இது. பின்னால் ரயில்வே வந்தது. தண்டவாளம் போடவும், பட்டறையில் வேலை செய்யவும் தமிழ்நாட்டுக்காரர்கள் வந்தார்கள். கணக்கெழுத யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் வந்தார்கள். ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த பெரிய யார்டு இருந்த இடத்தில்தான் 2001ஆம் ஆண்டில் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. கண்ணாடியும் எஸ்கலேட்டருமாக அது மின்னுகிறது. அதன் அடியில் நம் தாத்தாக்கள் சுமந்த சரளைக்கல் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் துன் சம்பந்தன் சாலை. 2010ஆம் ஆண்டில் இதை 'லிட்டில் இந்தியா' என்று அரசாங்கம் திறந்து வைத்தது. அலங்கார வளைவுகள், மல்லிகைச் சரம், வெற்றிலை, வடை வாசனை எல்லாம் உண்டு. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு ஒலிபெருக்கி. ஒன்றில் பழைய டி.எம்.எஸ்., அடுத்ததில் நேற்று வந்த படப் பாட்டு, அதற்கடுத்ததில் முருகன் பாமாலை. மூன்றும் நடைபாதையில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். இந்த இரைச்சலுக்கு நடுவே நின்று கேளுங்கள். ஒரு மௌத் ஆர்கனோ, ஒரு சின்ன கீபோர்டோ கேட்கும். கண்பார்வை இல்லாதவர்கள் நடைபாதையில் அமர்ந்து பாடுவார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இங்கே பார்வையற்றவர்கள் அதிகம் நடமாடுகிறார்கள். அவர்களில் பாடுகிறவர்களுக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஆனால் மலாய்ப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, சீனப் பாட்டு என்று கூட்டத்தைப் பார்க்காமலே கூட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிப் பாடுகிற சாமர்த்தியம் அவர்களுக்கு உண்டு. கையில் ஒரு வெள்ளி இருந்தால் போட்டுவிட்டு, முழுப் பாட்டையும் நின்று கேட்டுவிட்டு நகருங்கள்.

சாஸ்திரிய சங்கீதம் வேண்டுமென்றால் அதற்கும் இங்கேயே இடம் இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய நுண்கலைக் கோயில், அதாவது 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்', இங்கேதான் உள்ளது. பரதமும், கர்நாடக இசையும், இந்துஸ்தானியும் சொல்லித் தருகிறார்கள். சற்றுத் தள்ளி, ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோயிலில் நாதஸ்வரம் கேட்கலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொஞ்ச தூரத்தில் விஸ்மா துன் சம்பந்தன் என்று ஒரு கட்டடம். அதிலுள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில் இசை நிகழ்ச்சி, நாடகம், நூல் வெளியீடு என்று தமிழ் நிகழ்ச்சிகள் நடக்கும். அதன் கதை தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். அப்போது துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் அவர் ஆள் சேர்த்தார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால் வெட்டியவர்களின் பத்துப் பத்து வெள்ளியில் வளர்ந்த சங்கத்தின் கட்டடத்தில்தான் இன்று பாடகர்கள் ஏறிப் பாடும் மேடை இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காரும்போது கூச்சப்படாமல் சாய்ந்து உட்காருங்கள். அதில் உங்கள் பாட்டியின் பணமும் இருக்கலாம்.

சரி, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கிள்ளான் துறைமுகம் செல்லும் கொம்யூட்டரில் ஏறி, முடிந்தால் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் போட்ட பாதை இது. ஈயம் ஏற்றிப் போக ஆரம்பித்து, பிறகு ரப்பர் ஏற்றிப் போயிற்று. கப்பலில் வந்திறங்கிய நம்மவர்களை ஏற்றி வந்ததும் இதுதான்.

இரண்டொரு நிலையம் தாண்டினால் அங்காசாபுரி. மேட்டின் மேல் தெரிவது வானொலி, தொலைக்காட்சி நிலையம். நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் மனம் ஒரு துள்ளுத் துள்ளும். அன்று அதை 'இந்தியப் பகுதி' என்போம். பிறகு 'வானொலி ஆறு' ஆயிற்று. இன்று அது மின்னல் எஃப்.எம். பெரட்டுக்குப் போகும் முன் அடுப்படியில் டிரான்சிஸ்டர் பாடிய காலம் நினைவிருக்கிறதா? பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் தன் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்று லயம் முழுவதும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த காலம்! நம் நாட்டுப் பாடகர்கள் உள்ளூர்க் கவிஞர்கள் எழுதிய பாட்டைப் பாடி, ஊரறியப் பெயரெடுத்தது இந்த வானொலியால்தான்.

அங்காசாபுரியைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே கவனியுங்கள். பெட்டாலிங் ஜெயா வரும். சுபாங் ஜெயா வரும். ஷா ஆலாம் வரும். மாடி வீடுகள், தொழிற்சாலைகள், மேம்பாலங்கள் எல்லாம் தெரியும். இவை என்னவாக இருந்தன தெரியுமா? பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்ஹாம் தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டி எழுப்பிய ஊர். சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டம். 1970களின் நடுவில் அங்கே வீடு கட்ட ஆரம்பித்தார்கள். சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாம், சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு ஆயாக் கொட்டகை, ஒரு திடல். திருவிழா வந்தால் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். இசைக்குழு வந்து விடிய விடியப் பாடும். இவற்றையெல்லாம் விடப் பழைய பாட்டு ஒன்று இருந்தது. அதற்கு ஒலிபெருக்கி கிடையாது. தாலாட்டு, நலுங்குப் பாட்டு, கும்மி, ஒப்பாரி, காட்டில் புல் வெட்டும்போது எதிர் நிரைக்காரிக்குக் கேட்கும்படி பாடும் பாட்டு. கப்பலேறி வந்த துயரமும், கங்காணியின் கொடுமையும், பனியில் நனைந்த மரமும், கிராணியைக் கேலி செய்யும் குறும்பும் அதற்குள் இருந்தன. இந்த ஊர்கள் எழும்பியபோது மரங்கள் போனதை எல்லாரும் பார்த்தார்கள். பாட்டு போனதைப் பார்த்தவர்கள் குறைவு.

இதைச் சொல்லும்போது எங்கோ அமெரிக்காவில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. 1930களில் அங்கே ஓக்லஹோமா முதலிய மாநிலங்களில் மழை பொய்த்தது. மண் புழுதியாகப் பறந்தது. விவசாயிகள் குடும்பத்தோடு மேற்கே கலிபோர்னியாவுக்குப் போய், பிறர் தோட்டங்களில் பழம் பறித்தும், பஞ்செடுத்தும் கூலி வேலை செய்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை ஏளனம் செய்தார்கள். ஆனால் அவர்கள் கிட்டாரையும் நாட்டுப் பாட்டையும் கைவிடவில்லை. பேக்கர்ஸ்ஃபீல்டு நகரத்துக்கு அருகில், பழைய ரயில் பெட்டியை வீடாக மாற்றிக் குடியிருந்த அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் 1937இல் பிறந்தவர் மெர்ல் ஹாகர்ட். சிறுவயதில் வழி தவறிச் சிறைக்கும் போனார். பிறகு தன்னைப் போன்ற கூலிக் குடும்பங்களின் வாழ்க்கையையே பாட்டாக்கிப் பெரும் புகழ் பெற்றார். மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் ஆட்சி செய்த ஆளுநர் ரொனால்டு ரீகன் 1972இல் அவருடைய பழைய குற்றத்துக்கு முழு மன்னிப்பு வழங்கினார். ஏளனம் செய்யப்பட்ட அந்தப் பாட்டை அமெரிக்கர்கள் இன்று 'கண்ட்ரி மியூசிக்' என்று தங்கள் சொத்தாகக் கொண்டாடுகிறார்கள்.

நம்மிடம் அப்படி ஒருவர் இல்லையா? இருந்தார். அவருடைய ஊருக்குத்தான் ரயில் போய்க்கொண்டிருக்கிறது.

பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக் தாண்டிக் கிள்ளான் வந்துவிட்டது. இறங்குங்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே தெங்கு கிளானா சாலை. பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மூத்த லிட்டில் இந்தியா இது என்று கிள்ளான்காரர்கள் மார்தட்டுவார்கள். பூக்கடை, பாத்திரக்கடை, சேலைக்கடை எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். ஒரு தேநீர் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

இந்தக் கிள்ளானில் 1944ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர் வாசுதேவன். இளமையில் இங்கே தமிழ் நாடகக் குழுவில் பாடினார், நடித்தார். படத்தில் பாட வேண்டும் என்ற ஆசையில் சென்னைக்குப் போனார். வாய்ப்பு உடனே கிடைக்கவில்லை. விளம்பரப் பாட்டும், மேடைக் கச்சேரியுமாகக் காலம் ஓடிற்று. இளையராஜா சகோதரர்களின் பாவலர் குழுவிலும் பாடினார். 1977இல் பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே' வந்தது. எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்குத் தொண்டை சரியில்லாமல் போனதால் அந்த வாய்ப்பு வாசுதேவனுக்கு வந்தது என்று சொல்வார்கள். ஆட்டுக்குட்டியையும் கோழிக்குஞ்சையும் வைத்துக் கேலியாகப் போகும் அந்தக் கிராமத்துப் பாட்டை அறியாத தமிழர் உண்டா? அன்றிலிருந்து அவர் 'மலேசியா வாசுதேவன்'. 1980இல் 'முரட்டுக்காளை'யில் ரஜினிகாந்துக்கு அவர் பாடியதும், 1985இல் 'முதல் மரியாதை'யில் சிவாஜிக்கு அவர் பாடியதும் இன்றும் நம் கல்யாண வீடுகளில் ஒலிக்கின்றன. நடிப்பிலும் ஒரு கை பார்த்தார். 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் சென்னையில் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தின் குரலாக ஒரு கோடிப் பேர் நினைத்த குரல், கிள்ளானில் பிறந்து வளர்ந்த குரல்! அந்த மண்வாசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கிள்ளான் அன்று தோட்டங்கள் சூழ்ந்த ஊர். 1941ஆம் ஆண்டில், தோட்டத்துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம், கள்ளுக்கடையை மூடு, கூலியைக் கூட்டு என்று ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த வட்டாரம் இது. தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் வாசுதேவன். அந்த மக்களின் பேச்சும் பாட்டும் அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்?

அவருக்குப் பின்னும் பாட்டு நிற்கவில்லை. 1990களில் 'பொயட்டிக் அம்மோ' என்ற குழு ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் என்று பல மொழிகளைக் கலந்து ராப் பாடியது. அதிலிருந்த யோகி பி, பிறகு நட்சத்ராவோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' என்ற தமிழ் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டு இளைஞர்களே அதைத் தேடிக் கேட்டார்கள். அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் பாட அழைத்தார்கள். பெரியவர்கள் சிலர் "இது என்ன பாட்டு, பேசுகிற மாதிரி இருக்கிறது" என்று முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் கும்மியும், உடுக்கைப் பாட்டும் அப்படித்தானே, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே போகும்?

உறுமி மேளத்தையும் மறக்கக் கூடாது. இடுப்பு ஒடுங்கிய கருவி அது. ஒரு பக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் மிருகம் உறுமுவது போல ஓசை வரும். மறுபக்கத்தை நேர்க்குச்சியால் தட்டித் தாளம் போடுவார்கள். தோட்டத்துத் திருவிழாவில் சாமி அழைக்க அடித்த மேளம், தோட்டம் போனபின் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளின் கையில் பிழைத்திருக்கிறது. பத்துமலைக்குக் காவடி போகும்போது உறுமி உறுமினால் ஏறுகிறவருக்கு 272 படியும் தெரியாது. இந்தப் பிள்ளைகளைக் கண்டால் திட்டத்தான் பலருக்கு வாய் வருகிறது. ஒரு நாள் நின்று பாராட்டியும் பாருங்கள்.

இனி என் சொந்த வேலைக்கு வருகிறேன்.

என் தாயார் கிள்ளானுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சாயங்காலம் லயத்து வாசலில் அரிசி புடைக்கும்போது அடுத்த வீட்டு அத்தையோடு சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுவார். கப்பலில் வந்த பெண் ஒருத்தி, ஊரில் விட்டு வந்த தங்கையிடம் பேசுவதாக அது போகும். நீளமான பாட்டு. நான் பட்டணத்துப் பள்ளியில் படித்தபோது ஒருநாள் வகுப்பு நண்பர்கள் இருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மா வழக்கம்போல் பாடிக்கொண்டிருந்தார். நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் உள்ளே போய், "போதும்மா, வெக்கமா இருக்கு" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அதன்பிறகு நான் வீட்டில் இருக்கும்போது அவர் அதைப் பாடியதே இல்லை.

அம்மா போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. தோட்டமும் இல்லை. போன மாதம் என் பேத்தி, "பாட்டி என்ன பாட்டு பாடுவாங்க தாத்தா?" என்று கேட்டாள். இரண்டு வரிக்கு மேல் எனக்கு வரவில்லை. அப்போதுதான் அத்தையின் நினைவு வந்தது. அவர் கிள்ளானில் மகன் வீட்டில், ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு நோட்டுப் புத்தகமும், மகன் வாங்கித் தந்த கைத்தொலைபேசியுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கல். குரலைக் கேட்டதும் கண்டுகொண்டார். "என்னா தம்பி, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்றார். தேநீர் வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் முழங்காலில் கையால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பாடினார். குரல் நடுங்கினாலும் மெட்டு பிசகவில்லை. எனக்கு லயத்து வாசலே கண்முன் வந்தது. ஒரு வரி பாடுவார், நிறுத்துவார். மறுபடி ஒரு வரி, மறுபடி நிறுத்தம். மறந்துவிட்டாரோ என்று நான் காத்திருந்தேன்.

"ஏன் அத்தை நிறுத்திறீங்க?"

"நான் பின்பாட்டுதானே, தம்பி. முன்பாட்டு ஒங்கம்மாதான் படிக்கும். அது படிச்சா நான் பதில் சொல்லுவேன். எனக்குப் பதில் மட்டுந்தான் தெரியும்."

நான் எழுதிக்கொண்டேன். என் நோட்டில் இப்போது பதினெட்டு வரி இருக்கிறது. எல்லாம் தங்கை சொல்லும் பதில்கள். அக்காள் என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரிந்த அந்த இரண்டு வரி தவிர யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்தவரைத்தான் நான் பின்பக்கம் போக வைத்துவிட்டேனே.

திரும்பும் ரயிலில் என் பக்கத்தில் ஓர் இளைஞன் காதில் கருவி மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக் கொண்டிருந்தான். பால்மரமும் இல்லை, லயமும் இல்லை. ஷா ஆலாம் விளக்குகள் ஜன்னலில் ஓடின. கிள்ளானில் பிறந்த ஒருவரின் குரலைச் சென்னை பதிவு செய்து வைத்தது, நமக்கு அது கிடைத்தது. லயத்து வாசலில் பாடியவர்களின் குரலைப் பதிவு செய்யச் சென்னையிலிருந்து யாரும் வரப் போவதில்லை. கேரித் தீவில் பிறந்த முனைவர் முரசு நெடுமாறன் போன்றவர்கள் மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் தேடித் திரட்டி 1997இல் ஒரு பெருங்களஞ்சியமாகத் தந்தார்கள். அச்சில் வந்ததைத் திரட்ட அப்படி அறிஞர்கள் உண்டு. அச்சிலேயே வராமல் உங்கள் வீட்டுக் கிழவியின் நெஞ்சில் இருப்பதைத் திரட்ட உங்களை விட்டால் ஆளில்லை.

ஆகவே வாசகர்களே, அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்தப் பயணம் போய் வாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் பாட்டைக் கேளுங்கள். கிள்ளானில் வடை சாப்பிடுங்கள். வீடு திரும்பியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டில் பாட்டி இருந்தால், அல்லது பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தால், அவரைப் பாடச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், யார் சொல்லிக் கொடுத்தது, எப்போது பாடுவார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். முன்பாட்டுக்காரர், பின்பாட்டுக்காரர் இருவரும் உயிரோடு இருந்தால் எப்பாடு பட்டாவது இருவரையும் ஓரிடத்தில் உட்கார வையுங்கள்.

பாடும்போது யாராவது சிரித்தால், சிரிக்கிறவரை வெளியே அனுப்புங்கள். பாடுகிறவரை அனுப்பிவிடாதீர்கள்.